கை தூக்கிய சனிக்கிழமை

என் உயரம் ஆறடி நாலு அங்குலம். பெருமைக்காகச் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டியில் எனக்கு வேலை கிடைத்ததற்கு அது ஒன்றுதான் காரணம். திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில், அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் இப்படி ஒரு நெட்டை எப்படிப் பிறந்தது என்று ஊரே கேட்டது. எங்கள் அப்பாவும் கேட்டார். பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர் மட்டும் ஒன்றும் கேட்காமல் கையில் பந்தைக் கொடுத்தார். அந்தப் பந்து என்னைக் கொண்டுவந்து, கார்களுக்குத் தகடு அடித்து வளைக்கும் ஒரு கம்பெனியில் விட்டது. அந்தக் கம்பெனிக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. ஆடுவதுதான் வேலை, அதற்குத்தான் சம்பளம்.

பதினான்கு வருஷம் ஆடினேன். பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் பெண்ணின் அம்மா என்னை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். மூன்றாவது வீட்டோடு நானே போதும் என்று நிறுத்திவிட்டேன். அப்பாவும் அம்மாவும் போனபிறகு ஊருக்குப் போக ஒரு காரணமும் இல்லை. கம்பெனியிலோ, எந்திரத்தின் முன்னால் நின்று வேர்வை சிந்துகிறவர்களுக்கு நாங்கள் சும்மா சம்பளம் வாங்குகிற கூட்டம். கேன்டீனில் தட்டோடு போய் நான் உட்கார்ந்தால் அந்த மேசையில் பேச்சு நின்றுபோகும். "வாங்க பந்து சார்" என்று ஒருவன் இழுப்பான். மற்றவர்கள் சோற்றைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு மூக்குமேல் கோபம் வரும். மளமளவென்று சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

நான் பேசவும் என்னோடு பேசவும் ஒரே ஒருவன் இருந்தான். எங்கள் அணியில் பந்தைக் கொண்டுவந்து பிரித்துக் கொடுக்கிறவன். எளாவூர்க்காரன் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். பதினெட்டு வயதில் அணிக்கு வந்தான். கவரைப்பேட்டையில், மாவு மில்லுக்கு மேலே நான் இருந்த அறையில் "ஒரு வாரம் தங்கிக்கிறேன்ண்ணா" என்று பெட்டியை வைத்தான். எட்டு வருஷம் இருந்தான். நான் சோறு வடிப்பேன், அவன் ரசம் வைப்பான். அவன் அம்மா கொடுத்தனுப்பும் புளிச்சக்கீரைத் தொக்கு எங்கள் இரண்டு பேருக்கும் பதினைந்து நாளைக்கு வரும். பாயில் படுத்தால் என் கால் வாசற்படியைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். காலையில் பால் வாங்கப் போகும்போது வேண்டுமென்றே அதில் ஒரு இடி இடித்துவிட்டுத்தான் போவான். "ரயில்வே கேட் போட்டு வெச்சிக்கிறான்பா, எவனும் தாண்ட முடியல!" என்பான். அந்த இடி இல்லாமல் எனக்கு விடிந்ததில்லை.

நான் சொல்ல வருவது எங்கள் கடைசி சீசனைப் பற்றி. ஆரம்பமே கோணல். இரண்டு மேட்ச் தோற்றதும் கோச் சொல்லிக்கொள்ளாமல் வேறு கம்பெனி அணிக்குப் போய்விட்டார். வெளி மாநிலத்திலிருந்து வந்து ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேர் லீவுக்குப் போனவர்கள் போனவர்கள்தான். மேலும் இரண்டு மேட்ச் தோற்றோம். அலுவலகத்தில் கூப்பிட்டு, இனி மதியம் பிராக்டீஸ் கிடையாது, விடியற்காலையில் ஆடிக்கொள்ளுங்கள், எட்டரைக்கு எல்லோரும் ஜெனரல் ஷிஃப்டில் நிற்க வேண்டும் என்றார்கள். எளாவூர்க்காரனை ஸ்டோர்ஸில் போட்டார்கள். என்னைத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் போட்டார்கள்.

பிரஸ் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. சாயந்திரம் ஐந்தரைக்குச் சங்கு ஊதினால் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் ஓரடி வைக்க வேண்டும். முன்னொரு காலத்தில் சங்கு ஊதியபிறகும் கடைசியாக ஒன்று என்று தகட்டைச் செருகியவனுக்கு மூன்று விரல் போயிற்றாம். அதிலிருந்து, வரிசையில் எல்லோருடைய கையும் மேலே இருப்பதைப் பார்த்த பிறகுதான் ஷிஃப்ட் இன்சார்ஜ் எந்திரங்களை நிறுத்துவார். முதல் வாரம் நான் மறந்து மறந்து நின்றேன். "யோவ் பந்து சார், ஒனக்கு கை நீளம், மொதல்ல போறது ஒன் கைதான்! தூக்குய்யா!" என்று கத்துவார். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அப்புறம் சங்கு ஊதினால் நான் நினைக்கவே வேண்டாம், கை தானாகப் போகும்.

கோச் இல்லாத அணிக்கு வயதில் மூத்தவன் என்று என்னையே கேப்டனாக்கினார்கள். அந்தச் சமயத்தில்தான் எளாவூர்க்காரனுக்கு ஒரு ஃபோன் வந்தது. பெரிய அரசாங்க நிறுவனம் ஒன்றின் அணிக்கு ஆள் எடுக்கிறவர் பேசினார். உன் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னார்கள், உங்கள் அணி ஃபைனலுக்கு வந்தால் நான் நேரில் வந்து பார்க்கிறேன் என்றாராம். வேலை டெல்லியில். நிரந்தர வேலை. அவனுக்கு அப்போது இருபத்தாறு. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். அப்புறம் யார் கூப்பிட்டாலும் போக முடியாது.

மொட்டை மாடிக்கு ஓடிவந்து சொன்னான். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மனிதன் அப்போது என்ன சொல்ல வேண்டும்? கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் சொன்னது, "ஃபைனலாம் ஃபைனலு, மொதல்ல ஒரு மேட்ச் ஜெயிக்கப் பாரு."

"இன்னாண்ணா, சந்தோசமே இல்லியா ஒனக்கு?"

"டெல்லில குளுர் தெரியுமாடா? ஒரே வாரத்துல ஓடியாந்துருவ."

"வந்தா வர்றேன். ஒனக்கு இன்னா பேஜாரு அதுல?"

அதற்கு நான் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். இத்தனை வருஷம் யார் போட்ட பிச்சையில் ஆடினாய் என்றுகூடக் கேட்டேன். கேட்டபிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் கீழே போய் ரசத்துக்குப் புளி கரைத்தான். நான்கு நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. ஐந்தாம் நாள் விடியற்காலையில் நானே அவனை எழுப்பினேன். "வாடா. ஒன்ன ஃபைனலுக்குக் கூட்டினு போறது என் பொறுப்பு" என்றேன். அதைச் சத்தியமாக மனசாரத்தான் சொன்னேன்.

அன்றிலிருந்து எங்கள் அணி ஆடிய ஆட்டம்! முட்டி வீங்கி, துணி கட்டிக்கொண்டு நான் குதித்தேன். அவன் எனக்குத் தூக்கிப் போட, நான் கூடையில் போட, ஐந்து மேட்ச் வரிசையாக ஜெயித்தோம். பத்து அணியில் நான்காவதாக ஒட்டிக்கொண்டு பிளே-ஆஃப் போய்ச் சேர்ந்தோம். அரையிறுதிக்கு மூன்று ஆட்டம், இரண்டில் ஜெயித்தவன் ஃபைனலுக்கு. முதல் ஆட்டம் தோற்றோம். இரண்டாவது, எங்கள் மைதானத்தில், பத்துப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். மூன்றாவது ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை நடந்திருக்க வேண்டும். ஐப்பசி மழை ஊற்றி மைதானம் குளமாகிவிட்டதால், அடுத்த சனிக்கிழமை சாயந்திரம் இன்னொரு கம்பெனிக்குள் இருந்த சிமென்ட் தரைக்கு மாற்றினார்கள். அன்று வேலை நாள். நாங்கள் அதுவரை ஆடியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

நாலு மணிக்கு ஆரம்பித்தது. எங்கள் பிரஸ் ஷாப் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து கம்பிவேலி ஓரமாக நின்றார்கள். அவர்கள் வந்ததே எனக்கு ஆச்சரியம். கடைசி நிமிஷத்தில் நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். எதிரணிக்காரன் எறிந்தது வளையத்தில் பட்டுத் தெறித்தது. எல்லோருக்கும் மேலே எழும்பி நான் பந்தைப் பிடித்தேன். பன்னிரண்டு வினாடி பாக்கி. பந்து எதிரணி கைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும், ஃபைனல். எளாவூர்க்காரன் கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தான். "ண்ணா! ண்ணா!" என்றான். அவன் முகம் எனக்கு இன்றைக்கும் தெரிகிறது.

அந்த நேரம் பார்த்து அந்தக் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து ஐந்தரை மணிச் சங்கு ஊதியது.

நான் பந்தை விட்டேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன். பின்னால் ஓரடி வைத்தேன். பந்து என் காலடியில் ஒரு தடவை குதித்தது. எதிரணிப் பையன் ஒருவன் நம்ப முடியாமல் என்னைப் பார்த்தான், பிறகு பந்தை எடுத்தான், என் எதிரிலேயே கூடையில் போட்டான். நான் கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தேன். வேலி ஓரத்தில் எங்கள் ஷாப் ஆட்களில் நாலைந்து பேரும் அப்படியே கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் தானாகப் போய்விட்டது. எளாவூர்க்காரன் பாதி மைதானத்திலிருந்து எறிந்து பார்த்தான். வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்தது. ஒரு புள்ளியில் தோற்றோம்.

வெளியே வந்ததும் பிரஸ் ஷாப் ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. கேன்டீனில் கேலி செய்கிறவனே என் முதுகைத் தட்டி, "நீ நம்ம ஆளுய்யா!" என்றான். பதினான்கு வருஷம் யாரும் சொல்லாதது. அந்த வார்த்தையைக் கேட்டு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

கம்பெனி வேன் கவரைப்பேட்டை ஸ்டேஷன் அருகே இறக்கிவிட்டது. இறங்கி நின்றதும் எனக்குப் பசித்தது. ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் இருந்தவனுக்கு அப்படி ஒரு பசி. தள்ளுவண்டியில் வாழைக்காய் பஜ்ஜி சூடாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கு வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சாப்பிட்டேன். சாப்பிடும்போது என் மனசுக்குள் என்ன ஓடியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒளித்து என்ன ஆகப்போகிறது? இனிமேல் இவன் எங்கேயும் போகமாட்டான் என்று ஓடியது. நாளைக் காலையும் பால் வாங்கப் போகிறவன் என் காலில் இடிப்பான் என்று ஓடியது. நிமிர்ந்து பார்த்தால் எளாவூர்க்காரன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்லா பசிக்குதா?" என்றான்.

"நீயும் ஒண்ணு துன்னுடா."

"வேணாம். நான் எங்க ஊட்டுக்குப் போறேன்" என்று, வந்த பஸ்ஸில் ஏறி எளாவூர் போய்விட்டான்.

எட்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். அந்த எட்டு நாளும் ஸ்டோர்ஸ் பக்கம் போனால் அவன் இருக்கமாட்டான். என்னைக் கண்டால் உள்ளே போய்விடுவான் என்று நினைக்கிறேன். வந்தவன் கொடியில் இருந்த தன் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தான். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். எட்டு நாளும் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று என்னிடம் இருந்தது.

"டேய், சங்கு ஊதுனா கை தானா போவுதுடா. ஷாப்ல யார வேணா கேளு. வேணும்னு செய்வனா? எங்க அம்மா மேல சத்தியம்."

"அது தெரியும்ண்ணா. அத யாரு கேட்டா இப்போ?" என்றான். குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் தேவலை.

"அப்பறம் இன்னாதான் ஒனக்கு?"

பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தான். "நான் அங்க செத்துக்கினு நிக்கிறேன். நீ பஜ்ஜி துன்ன. இன்னா நெனச்சுக்கினு துன்ன?"

ஒன்றும் நினைக்கவில்லை, பசித்தது, தின்றேன் என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருக்கவும் கூடும். ஆனால் எட்டு வருஷம் ஒரே அறையில் இருந்தவனிடம் எனக்குப் பொய் வரவில்லை.

"நீ இனிமே போவ மாட்டேன்னு நெனச்சேன்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். தனக்குத் தெரிந்ததைத்தான் நான் சொன்னேன் என்பதுபோல ஆட்டினான். கண் கலங்கியது மாதிரி இருந்தது, ஆனால் துடைத்துக்கொள்ளவில்லை. குனிந்து பாயைச் சுருட்டினான். எளாவூரிலிருந்தே வேலைக்கு வந்துபோவதாகவும், மதிய ஷிஃப்ட் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சீசன் முடிந்து நான் காலை ஷிஃப்டுக்கு மாறப்போவது அவனுக்குத் தெரியும்.

பெட்டி நல்ல கனம். மாவு மில் ஓரமாக இறங்கும் படிகளோ குறுகல். வாசலில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினான்.

"இருடா, நான் ஒரு கை புடிக்கிறேன்" என்று முன்னால் போனேன்.

"வேணாம்ண்ணா. ஒன் கை வேணாம்."

பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெட்டியைத் தானே இழுத்து ஒவ்வொரு படியாக இறக்கினான். அவன் ரோட்டுக்குப் போய் ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தும்வரை நான் மேலேயே நின்றேன்.