பன்னிரண்டாம் படத்து உடும்பு

கோயமுத்தூரில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் மெய்ப்புத் திருத்திவந்த அச்சகத்தில், புத்தகம் கட்டும் பகுதி பிரகாசத்தின் பொறுப்பில் இருந்தது. பிசிறும் கோணலும் அவருக்கு ஆகா. எந்தப் புத்தகமானாலும் மூன்று பக்கமும் ஓரம் சீவி நேராக்கிய பிறகே அதைப் படிப்பார். சொந்த வேதாகமமும் அவருடைய கத்திக்குத் தப்பவில்லை.

சிங்காநல்லூரிலிருந்து நாள்தோறும் நடந்தே வருவார். குதிகால் வலி முற்றியபோது, சைக்கிள் இல்லாமல் இந்த வேலையில் நீடிக்க முடியாது என்பது அவருக்குத் தெளிவாயிற்று. அந்த வேளையில்தான் சென்னையிலிருந்து ஒரு சித்திரப் புதிர்ப் புத்தகம் விற்பனைக்கு வந்தது. பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் உயிரினம் மறைந்திருக்கும், அதன் பெயர் படத்தின் கீழே இருக்கும். அனைத்தையும் வட்டமிட்டுப் புத்தகத்தையே திருப்பி அனுப்ப வேண்டும். பரிசு, ஒரு சைக்கிள்.

பிரகாசம் ஒன்று வாங்கினார். வழக்கம்போல் அச்சகத்தில் வைத்து ஓரம் சீவி, அட்டை கட்டி, வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பதினொன்று அகப்பட்டுவிட்டன. பன்னிரண்டாவது, கிணற்றடிப் படம். அதில் உடும்பு இருக்க வேண்டும். தலைகீழாகப் பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தும் பார்த்தார்.

"ஏனுங்க, கஞ்சி ஆறிப்போச்சுங்க. உடும்பு எங்கயும் ஓடிப்போயராது," என்றார் மனைவி சாராள்.

"இருந்தாத்தானே ஓடறதுக்கு? படம் போட்டவன் மறந்துபோட்டான்."

தபாலில் போடும் கெடு முடிய இரண்டொரு நாளே இருந்தது. அடுத்த தெருத் தையற்காரர் நசுருதீனும் அதே புத்தகம் வாங்கியிருந்தார். பொறுக்கமாட்டாமல் பிரகாசம் அங்கே போய்க் கேட்டார்.

"உங்க புஸ்தகத்துல உடும்பு இருக்குதுங்களா?"

"அது ஒண்ணுதானுங்க எனக்குக் கெடைச்சுது. மத்ததெல்லாம் கண்ணுக்குச் சிக்கமாட்டேங்குது."

நசுருதீன் பிரித்துக் காட்டிய பக்கத்தின் வலது ஓரத்தில் ஒரு தென்னை. அதன்மேல் முழு நீளத்துக்கு உடும்பு. சிறு பிள்ளையும் காட்டிவிடும். பிரகாசம் தம் புத்தகத்தை அதன்மேல் வைத்தார். ஒரு விரற்கடை குறைந்தது. தென்னையே இல்லை.

மறுநாள் விடிந்ததும் அச்சகத்துக் காகிதக் கழிவு மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டினார். மேலாளர் வாசலில் நின்று பார்த்தார்.

"ஏனுங்க பிரகாசம், குப்பையில என்னத்தைத் தேடறீங்க?"

"உடும்புங்க."

"பல்லி கெடைச்சாப் பரவால்லீங்களா?"

எழுத்துக் கோப்பவர்கள் சிரித்தார்கள். பிரகாசம் நிமிரவில்லை. நெடுநேரத்துக்குப் பின் ஒரு துண்டு கிடைத்தது. அதில் வால் மட்டும் இருந்தது. மற்ற மூட்டைகள் அட்டை செய்பவரின் வண்டியில் முன்னமே போய்விட்டன.

அன்று மாலை நசுருதீனின் புத்தகத்தில் பதினொரு வட்டங்களையும் பிரகாசமே போட்டார். அழுத்திய அழுத்தத்தில் பென்சில் முனை முறிந்தது. பல்லால் சீவிக்கொண்டு தொடர்ந்தார்.

"யார் பேருல அனுப்பறதுங்க?" என்று நசுருதீன் கேட்டார்.

"உடும்பைக் கண்டது நீங்கதானுங்க," என்று சொல்லிவிட்டு, குதிகாலை ஊன்றாமல் தெருவில் இறங்கினார்.