அத்தை ஆள் மாற்றிக் குத்திய பூ

என் வீட்டுக்காரர் முகீபிக்கு மசாக்கா சாலை முக்கில் சைக்கிள் பழுது பார்க்கும் கடை. ஆண்களிடம் நன்றாகவே பேசுவார். பெண் ஒருத்தி வந்து நின்றால் போதும், கழுத்தெல்லாம் வேர்த்து, ஸ்பேனர் கீழே விழும். கல்யாணத்துக்கு முன் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போன எட்டு மாதத்தில் என்னிடம் அவர் பேசியது “காத்து போயிடுச்சு” மட்டும்தான். காற்றைப் பிடுங்கிவிட்டதே நான்தான் என்று அவருக்குத் தெரியும். நான் வீடு திரும்பும்போது என் சைக்கிளின் பின்சீட்டில் வாழைச்சருகில் கட்டிய வறுத்த வேர்க்கடலை இருக்கும். அது பேச்சில்லையா?

ஆனால் எங்கள் வழக்கப்படி பெண் கேட்கிறவன் முதலில் பெண்ணின் அத்தையிடம் போய்ப் பேச வேண்டும். மூன்று முறை போனவர் அத்தை வீட்டு வாசல் பலாமரம் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டார். நான்காம் முறை என்னிடம் சொல்லாமல் நண்பன் செம்பாலாவை அனுப்பிவிட்டார். அவன் வாயாடி.

“நல்ல புள்ளடி, வாயே மூட மாட்டேங்கிறான்!” என்றாள் அத்தை.

முகீபியா? மலைத்துப்போனேன், மகிழ்ந்தும் போனேன்.

பெண் கேட்கும் நாளில் மாப்பிள்ளை வாய் திறக்க வேண்டியதில்லை. பேசுவதற்கென்றே ஓர் ஆள் உண்டு. அத்தை வந்து, வந்திருப்பவர்களில் மாப்பிள்ளையைக் கண்டுபிடித்து அங்கியில் பூக் குத்துவாள். அவ்வளவுதான். முகீபி நிம்மதியாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அத்தை நேரே போய்ச் செம்பாலாவுக்குக் குத்தினாள்.

“ஐயோ அத்தே, நான்...” என்று அவன் எழுந்தான். பாயில் மண்டியிட்டிருந்த நான் முறைத்த முறைப்பில் உட்கார்ந்துவிட்டான்.

“அக்கா, நீயாவது சொல்லேன்!” என்று கிள்ளினாள் தங்கை.

“மாட்டேன். அவரு சொல்லட்டும்.”

சொல்லாவிட்டால் எழுந்து உள்ளே போயிருப்பேன். திரும்ப வந்திருக்க மாட்டேன்.

பந்தலில் பின்னால் ஒரு நாற்காலி கவிழ்ந்தது. வெள்ளை அங்கி முதுகில் ஒட்ட, முகீபி நின்றுகொண்டிருந்தார்.

“அத்தே... அது நான். அவளக் கேட்டது நான்தான்.”

அத்தை இடுப்பில் கை வைத்தாள். “இத்தன நாளா எங்கடா ஒளிஞ்சிருந்தே?”

“பலாமரத்துக்குப் பின்னாடி.”

பந்தலே சிரித்தது. அத்தை பூவைப் பிடுங்கி வந்து அவருக்குக் குத்தினாள். ஊசி நெஞ்சில் பட்டும் அவர் ‘ஆ’ என்று சொல்லவில்லை.

இன்றும் சந்தையில் காய்காரியிடம் விலை கேட்பது நான்தான். கேட்டுவிட்டுப் போகிறேன். அத்தை அன்று சரியான ஆளுக்குக் குத்தியிருந்தால் ‘அவளக் கேட்டது நான்தான்’ என்ற அந்த வார்த்தை எனக்குக் கிடைத்திருக்குமா? அத்தை இப்போது இல்லை; அவள் கல்லறையில் புல் வெட்ட நாங்கள் இருவரும்தான் போகிறோம். அங்கே மட்டும் அவர் அத்தையிடம் நிறையப் பேசுவார்.