பாத்திரம் துலக்கும் இடத்துப் பாட்டு

ஜோஸ்லின் பாடுவது ஜாஸும் ப்ளூஸும். ‘இதென்ன, பாடுகிறாளா அழுகிறாளா’ என்று கேட்காத ஆள் தில்லி மயூர் விஹார் அடுக்ககத்தில் இல்லை. கேட்டுவிட்டுப் போகட்டும். அவள் மேடையேறுவதே அந்த இசையில் யாரும் கண்டுகொள்ளாமல் மறைந்துபோன பெண்களுக்காக. பாட்டைக் கட்டிவிட்டுப் பெயரை இன்னொருத்தனிடம் பறிகொடுத்தவள், குழுவில் பியானோ வாசித்தும் புகைப்படத்தில் இடம் கிடைக்காதவள், கடைசிக் காலத்தில் வீடு பெருக்கிப் பிழைத்தவள். ஒவ்வொருத்தியின் பாட்டுக்கும் முன்னால் அவள் பெயரை உரக்கச் சொல்லி, பியானோ மேல் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். கல்லறைத் திருநாளுக்கு ஏற்றிப் பழகிய கை அது.

தன்னைப் பற்றியும் ஒரு வரி சொல்வாள். “எங்க வீட்ல யாரும் பாடினதில்ல. இந்தப் பொண்ணுங்கதான் எனக்குக் கத்துக்கொடுத்தாங்க.” கைதட்டல் அள்ளும். தில்லியில் இந்த மாதிரிக் கதைக்கு மவுசு அதிகம்.

தெரிந்தே பொய் சொன்னாளா என்றால், சத்தியமாக இல்லை. வயிற்றெரிச்சலே அங்கேதான். அம்மா இன்பராணி நாகர்கோவிலிலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்தவர். காலமெல்லாம் மாதா கோவில் பாடற்குழுவில் இரண்டாம் குரல். மெட்டை மற்றவர்கள் பாட, அதன் கீழே இழைந்து வரும் குரல். வீட்டில் பாத்திரம் துலக்கும்போதும் அதையேதான் முனகுவார். மெட்டில்லாமல் கீழ்க்குரலை மட்டும் கேட்டால் எது என்ன பாட்டென்று யாருக்குத் தெரியும்? ஜோஸ்லினுக்குக் குக்கர் சத்தம் போல அதுவும் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

போன மார்ச்சில் இன்பராணி முதல்முறையாக மகள் பாடுவதைக் கேட்க வந்தார். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, முன்வரிசையில் உட்கார்ந்தார். மகள் அந்த வரியைச் சொன்னாள். அரங்கமே கைதட்டியது. இன்பராணியும் தட்டினார்.

“நல்லா பாடுன மக்ளே,” என்றார் மெட்ரோவில். யமுனை தாண்டும்போது, “நீ சொன்னது செரிதான். நான் கூட்டத்தோடல்லா பாடுனேன். அதெல்லாம் பாட்டுல சேருமா?” என்றார்.

ஜோஸ்லினுக்கு அப்போதுதான் உறைத்தது. சுரத்தின் கீழிருந்து நழுவி மேலே வந்து தொடும் அவளுடைய அந்தப் பிடியைத்தான் எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். அடிப்பாவி, அதைப் பாத்திரம் துலக்கும் இடத்திலிருந்துதானே எடுத்தாய்!

ஞாயிறு பூசையில் இன்பராணி குழுவோடு நின்றார், வாய் திறக்கவில்லை. தொண்டை சரியில்லை என்றார். அடுத்த வாரமும் அதே பதில். பிறகு குழுவிலிருந்தே நின்றுவிட்டார். அடுக்களையும் ஊமையாகிப்போனது. அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டால் போதும் என்று ஜோஸ்லின் தவித்தாள்.

“ஸாரிம்மா. தப்பா சொல்லிட்டேன். ஒரு தடவை பாடுங்கம்மா, ப்ளீஸ்.”

“எனக்கென்ன கோவம் மக்ளே? வரல்ல. அவ்வளவுதான்.”

நவம்பரில் மறுபடி நிகழ்ச்சி. கூப்பிட்டதற்கு, கால் வலி என்றுவிட்டார் இன்பராணி. ஜோஸ்லின் அந்த வரியைச் சொல்லவில்லை. கடைசி மெழுகுவர்த்தியை ஏற்றி, “இன்பராணி” என்றாள். மெட்டை விட்டுவிட்டு, அம்மாவின் இரண்டாம் குரலை மட்டும் தனியாகப் பாடினாள். கூட்டம் எழுந்து நின்றது. யார் கேட்க வேண்டுமோ அவர் மட்டும் அங்கே இல்லை.

மேடைச் சேலையோடு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

“அம்மா! இன்னைக்கு உங்க பேரைச் சொன்னேன். எல்லாரும் எழுந்து நின்னாங்க!”

பட்டாணி உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. “மெழுகுவர்த்தியும் ஏத்துனியா?”

“ஏத்தினேம்மா.”

இன்பராணி அடுத்த பட்டாணியை எடுத்தார்.

“நல்லது மக்ளே. செத்தவங்களுக்குல்லா அது ஏத்துவாங்க.”