பவர் இல்லாத கண்ணாடி

என் கண்ணில் எந்தக் கோளாறும் கிடையாது. ஆனாலும் பத்து வருடம் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தேன். கோளாறு இதயத்தில்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் முதல் வேலை கிடைத்தபோது, சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். என் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த டாக்டர் நெடுநேரம் அதை எடுக்கவே இல்லை. பிறகு எக்கோ பார்த்தார்கள். இதயத்திலிருந்து பெரிய ரத்தக்குழாய் புறப்படும் இடத்தில் உள்ள வால்வுக்கு மூன்று இதழ்கள் இருக்க வேண்டுமாம். எனக்குப் பிறவியிலேயே இரண்டுதான். அந்தக் குழாயும் சற்று அகலம். இப்போதைக்குப் பயமில்லை, வருடா வருடம் வந்து காட்டுங்கள், கனமாக எதையும் தூக்காதீர்கள் என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். இது குடும்பத்தில் வரக்கூடியது, கூடப் பிறந்தவர்களையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கூடப் பிறந்தவன் ஒரே ஒரு தம்பி. பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை, சாயந்திரமானால் ஜிம். கையை மடக்கிக் காட்டாமல் அவனால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள முடியாது.

"அவன்கிட்ட மூச்சு விடாத," என்றாள் அம்மா, பஸ்ஸில் ஸ்ரீராம்புரம் வந்து சேரும்வரை. "அவனுக்கு ஓட்ட வாயி. தெரு பூரா சொல்லிடுவான். அப்புறம் உன்ன எவன் வந்து கட்டிப்பான்?"

அப்பா இல்லாத வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். ஆனால் பழியை அம்மா தலையில் மட்டும் போட்டுவிட முடியாது. எனக்கும் கல்யாணம் நடக்க வேண்டியிருந்தது. ரிப்போர்ட் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போயிற்று. காதும் காதும் வைத்த மாதிரி அடுத்த தையில் கல்யாணம் முடிந்தது.

வருடாந்திரப் பரிசோதனைக்கு ஒரு சாக்கு வேண்டுமே. கண் டாக்டர் என்று சொல்லிவிட்டு அம்மாவும் நானும் கிளம்புவோம். யாரும் சந்தேகப்படக் கூடாது என்று பவர் இல்லாத கண்ணாடி ஒன்றும் வாங்கிக்கொண்டேன். "கண்ண இவ்ளோ பத்திரமா பாத்துக்கிற பொண்ண நான் பாத்ததே இல்ல," என்று மாமியார் ஊரெல்லாம் பெருமை பேசினார். தம்பி மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்பான். "டாக்டர் என்னக்கா சொன்னாரு? பவர் ஏறிடுச்சா?" ஏறவில்லைடா என்று அவன் வாயை அடைத்துவிடுவேன். அவன் முகத்தைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

மகன் பிறந்ததும் அவனையும் அதே சாக்கில் தூக்கிப்போய்ப் பார்த்தேன். அவனுக்கு மூன்று இதழ்கள். அந்தச் சந்தோஷத்தில் திரும்பி வரும் வழியில் இனிப்பு வாங்கினேன், தம்பிக்கும் ஒரு டப்பா. அன்றைக்குக்கூட எனக்கு உறைக்கவில்லை.

போன வருடம் தம்பி மகளுக்குக் காது குத்தினோம். காலையில் பிரியாணி அண்டாவை இன்னொருவரோடு சேர்ந்து தூக்கியவன், அதை அப்படியே இறக்கி வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தான். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் யாரோ துணியைக் கிழிக்கிற மாதிரி வலிக்கிறது என்றான். வேர்த்துக் கொட்டியது. நானும் அம்மாவும் அவனை ஆட்டோவில் ஏற்றினோம். உதவிக்கு என் மாமியாரும் ஏறிக்கொண்டார்.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஈசிஜி எடுத்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் அம்மாவைப் பார்த்து, "மனேல யாரிகாதரூ ஹார்ட் தொந்தரே இதியா?" என்று கன்னடத்தில் கேட்டார். வீட்டில் யாருக்காவது இதயக் கோளாறு உண்டா என்ற சாதாரணக் கேள்விதான்.

அம்மா என்னைப் பார்த்தாள். அடுத்து மாமியாரைப் பார்த்தாள். "யாரிகூ இல்ல சார்," என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வாயுப்பிடிப்பு, தசை பிடித்திருக்கும் என்று ஓர் ஊசி போட்டு அனுப்பினார்கள். வீட்டில் படுத்தவனுக்கு மதியம் ஒரு கால் மரத்துப்போனது. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்ததும் ஓட ஆரம்பித்தார்கள். ரத்தக்குழாயின் உள்சுவர் இதயத்தை ஒட்டிய இடத்திலிருந்து வயிறுவரை கிழிந்திருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டான். வால்வில் இரண்டு இதழ்கள்தான் என்று ரிப்போர்ட்டில் இருந்தது. காலையிலேயே வந்திருந்தால் ஒருவேளை, என்று சொல்ல வந்த டாக்டர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

காரியம் எல்லாம் முடிந்தபின், குழந்தைக்கும் எக்கோ பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தம்பி மனைவி என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். அறையில் நர்ஸ் படிவத்தை நிரப்பியபடி குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டாள்.

"எனக்கு இருக்கு," என்றேன். "பதினோரு வருஷமாத் தெரியும்."

தம்பி மனைவி குழந்தையின் சட்டையைக் கழற்றி, ஜில்லென்ற ஜெல்லுக்கு அது அழுதபோது கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தைக்கும் இரண்டு இதழ்கள்தான் என்றார்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ இந்தக் கண்ணாடி?"

"சும்மா போட்டது."

அவள் குழந்தையின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள்.

"ஆடி வந்தா வெள்ளியில கண்மலர் வாங்கி அம்மனுக்குப் போடுவாரு, அண்ணி. எங்கக்காவுக்குக் கண்ணு போயிடக் கூடாதுன்னு. உங்களுக்குத் தெரிஞ்சா பயந்துடுவீங்கன்னு என்கிட்ட சத்தியம் வாங்கி வெச்சிருந்தாரு."

எழுந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்ட் பக்கம் போய்விட்டாள். ஓட்டை வாய் என்று நாங்கள் ஒதுக்கி வைத்தவன், அதை என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை.