சேராத கட்டைவிரல்கள்

இல்லை, தீயில் சாகவில்லை. கோவில்பட்டியில் பலரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். சண்முகத்தாய் அக்கா தீப்பெட்டி ஆபீஸ் தீயிலிருந்து பிழைத்து வந்தவள். ஆறாத முதுகுப் புண் சீழ் வைத்து, காய்ச்சலில் போனாள். மதுரை விடுதிக்குத் தந்தி வந்தபோது நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு ஒரு வரியும் ஓடவில்லை.

கல்லூரி விடுமுறைகளில் அந்த ஆலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மரச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கியிருக்கிறேன். சட்டம் இறுகிக்கொண்டால் தட்டி, இழுத்து நெகிழ்த்துவோம். கைக் காயம் ஆறிவந்தபோது அவளுடைய இரு முழங்கைகளும் பூட்டிக்கொண்டன. கை வாய்க்கு எட்டவில்லை. கூட வேலை பார்த்த எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வேலை விட்டதும் போய், விளக்கெண்ணெய் தடவி, ஆளுக்கொரு கையாக இழுத்தோம்.

“இழுங்கட்டி. ஒரு வாய்ச் சோறாச்சும் என் கையால திங்கணும்.”

கத்துவாள். விடச் சொல்லமாட்டாள்.

கை மேலும் இறுகியது. மதுரையில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். தீக்காயம் பட்ட சிலருக்கு மூட்டருகே தசைக்குள் சுண்ணாம்பு படிந்து எலும்பாகிவிடும் என்றார் மருத்துவர். வலிந்து இழுத்தால் இன்னும் கூடும். எலும்பு முற்றிய பிறகே வெட்டி எடுக்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சாத்தூர் தாண்டியதும் கரிசலில் பருத்தி வெடித்துக் கிடந்தது.

“ஏட்டி, மத்தவளுக்கு வயித்துல வளருது. எனக்கு முழங்கையில வளருது.”

பிள்ளையில்லாதவள். நான் அழுதேன்.

“அழாத. மூக்கு ஒழுகுனா நீயேதான் தொடச்சுக்கணும். எனக்குக் கை எட்டாது.”

காத்திருந்தாள். அகப்பைக் காம்போடு மூங்கில் குச்சியைச் சேர்த்துக் கட்டித் தானே சாப்பிடப் பழகினாள். பாதிக் கஞ்சி மடியில் சிந்தும். ஊட்டப் போனால், “போட்டி அங்கிட்டு” என்பாள். அறுவைக்கு நாள் குறிக்கவே இல்லை. முதுகுப் புண் முந்திக்கொண்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். கைகளை நெஞ்சின்மேல் சேர்த்துக் கட்டைவிரல்களைக் கட்ட வேண்டும். சேரவில்லை. இரண்டும் விலகியே நின்றன.

“லேசா அமுக்குங்கய்யா, மடங்கிரும்” என்றார் ஒரு பெரியவர். யாரோ முழங்கையில் கை வைத்தார்கள்.

“தொடாதிய” என்றாள் அக்காவின் அம்மா. “இழுத்தது போதும்.”

அவளை அறிந்தவர்களே, எனக்கென்று அவள் விட்டுப்போனது அந்தப் பஸ் பேச்சு மட்டும்தான். இதை எழுதும்போதும் மூக்கை நானே துடைத்துக்கொள்கிறேன்.

அக்காவின் அம்மா தன் சேலைத் தலைப்பில் நீளமாக ஒரு துண்டு கிழித்தாள். ஒரு கட்டைவிரலில் முடிந்தாள். துணியை நெஞ்சின் குறுக்கே கொண்டுபோய் மறு விரலில் முடிந்தாள்.