சிவப்பு மை கொடுத்த ஒரு மணி நேரம்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் சிவப்பு மை. வழிகாட்டிகள் வைத்த பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, அவள் கொழுந்தனைத் தவிர. அவனும் ஒரு வழிகாட்டி. வாசலில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதிர்க்கும்போதே, "சிவப்பு மை அண்ணி இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு மாடியேறி வருவான். அவளுக்குக் கோபம் வராது. எனக்குத்தான் வரும், ஏனென்றால் அவன் உதிர்த்த பனியைத் துடைக்கிறவன் நான்.

ரொட்டிக் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே அடுப்பு எரிவதால் தரை எப்போதும் கதகதப்பாக இருக்கும். குளிர்காலத்தில் முதலாளி எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம், அந்த அறையை வாடகைக்கு எடுத்ததுதான். சுவரில் மலை வரைபடம், கதவுக்குப் பின்னால் காயப்போட்ட கையுறைகள், ஜன்னலோரம் அவள் மேசை, எதிரில் என் மேசை. தங்கும் வீடு, போர்வை, சாப்பாடு, மூட்டை தூக்கும் ஆள் எல்லாம் என் பொறுப்பு. மலையில் யார் எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்பது அவள் பொறுப்பு.

அவளும் ஒரு காலத்தில் வழிகாட்டியாக இருந்தவள்தான். பதினாறு வருடங்களுக்கு முன்னால், வழியிலிருக்கும் இரண்டாம் ஊருக்கு இறங்குகிற சரிவில், வெயில் போன பிறகு மாட்டிக்கொண்டாள். கூட வந்த அத்தனை பேரையும் பத்திரமாக இறக்கிவிட்டாள். இடது காலில் இரண்டு விரல்கள் மட்டும் குளிரில் விறைத்துப் போய், ஆஸ்பத்திரியில் எடுக்க வேண்டியதாயிற்று. இதை அவள் வாயால் நான் கேட்டதில்லை. அவள் கணவர், பஸ் ஓட்டுகிறவர், ரொட்டி வாங்க வந்த ஒரு நாள் போகிற போக்கில் சொன்னார்.

அதிலிருந்து அவள் காலண்டரை நம்புவதில்லை. "அஞ்சே காலுக்கு சூரியன் மறையுதுன்னு போட்டிருக்கான். போட்டவன் மலைக்கு அடியிலயா குடியிருக்கான்?" என்பாள். மலைக்கு நடுவே இருக்கிற ஊரில், சூரியன் மறைவதற்கு ரொம்ப முன்னாலேயே முகடு அதை மறைத்துவிடும். அப்புறம் அரை மணி நேரம் போதும், பகலில் இளகிய பனி இறுகி வழவழவென்று ஆகிவிடும், கால் நிற்காது. அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தைய வாரம், வழியில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுவாள். பிள்ளைகுட்டிகளை விசாரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "உங்க முற்றத்துல வெயில் எத்தனை மணிக்குப் போகுது?"

அந்தப் பதிலிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சின்ன அட்டை எழுதுவாள். அட்டையில் சிவப்பு மையில் ஒரே ஒரு நேரம் இருக்கும். அந்த நேரத்துக்குள் கணவாயைத் தொடாவிட்டால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும், பேச்சே கிடையாது. ஐந்து நிமிடம் கூட்டிக் கேட்டால், வீட்டை எழுதிக் கேட்டதுபோல் பார்ப்பாள்.

போன குளிர்காலத்தில் இரண்டு குழுக்கள் அவள் அட்டைப்படி பாதியில் திரும்பி வந்தன. வந்தவர்கள் போட்ட சத்தத்தில் ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு மேலே ஓடிவந்து பார்த்தார். எங்கள் முதலாளி அவளைவிட வயதில் சின்னவர், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கெட்டவர் இல்லை, ஆனால் நல்லது சொல்கிற முகத்தோடு கெட்டதைச் சொல்வார். "அக்கா, இந்த வருஷமும் திரும்பி வந்தாங்கன்னா, நேரம் போடற வேலையை வேற யாருக்காவது மாத்திடறேன். நீங்க போன் எடுத்துக்கிட்டு நிம்மதியா உக்காருங்க," என்றார். அவர் இறங்கிப் போன பிறகு அவள் என்னிடம், அந்த அட்டையை வேறு யாரோ எழுதி, அதை நம்பி எட்டுப் பேர் மலையேறுவதை என்னால் இங்கே உட்கார்ந்து பார்க்க முடியாது என்றாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

இந்த வருடத்தின் முதல் பயணம் நான்கு நாள், மூன்று ஊர், எட்டுப் பேர். வழிகாட்டி அவள் கொழுந்தன். முதல் ஊரிலிருந்து கணவாய் ஏறி இரண்டாம் ஊருக்கு இறங்கும் இரண்டாம் நாள்தான் கண்டம். அந்த ஊரில் நாங்கள் எப்போதும் தங்குவது, ஏழெட்டுப் பூனை வளர்க்கும் ஓர் அம்மாவின் வீட்டில். பூனைக்கார அம்மாவுக்கு அவள் ஸ்பீக்கரில் போன் போட்டபோது முதலாளியும் அங்கேயே, அவள் மேசையில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"வெயிலா? மூணரை வரைக்கும் இருக்கும்மா. பூனைங்க எல்லாம் அதுவரைக்கும் வெளியதான் படுத்துக் கிடக்குதுங்க," என்றது போன்.

போன வருடம் அதே வாரத்தில் இரண்டரை என்று சொன்னவர் அவர். அவள் பேனா காகிதத்துக்கு மேலே நின்றதை நான் பார்த்தேன். இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். அவள் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. முதலாளிதான் முந்திக்கொண்டார். போன வருடம் பன்னிரண்டரை போட்டீர்களே, அப்படியென்றால் இந்த முறை ஒன்றரை வரை தாராளமாக விடலாமே என்று குஷியாகக் கணக்குப் போட்டார். அவள் ஒன்றரை என்று எழுதினாள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் எட்டுப் பேரும் எங்கள் அறைக்கு வந்தார்கள். ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர், அக்கா தங்கை இருவர், புதிதாகக் கல்யாணமான ஜோடி, ஒரே ஆபீசில் வேலை செய்யும் மூன்று பேர். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்ளை ஆளுக்கு மூன்று முறை மாட்டிக் கழற்ற வைத்தாள். பல் டாக்டர் மூச்சு வாங்கினார். இரண்டாம் நாள் அட்டையைக் கொழுந்தனிடம் கொடுத்தபோது அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஒன்றரையா, அண்ணி?"

"ஒன்றரைதான்."

வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது கிண்டல் வரும். அன்று வரவில்லை. கம்பளித் தொப்பியின் மடிப்பில் அட்டையைச் செருகிக்கொண்டு போய்விட்டான். அவன் தொப்பி எப்போதும் காதோரம் புடைத்துக்கொண்டிருக்கும். பீடிக்கட்டு வைத்திருக்கிறான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் நாள் பன்னிரண்டு ஐம்பதுக்குப் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். பூனைக்கார அம்மா. சாயங்காலம் வருகிறவர்கள் நேரே பழைய வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டப்போகிறார்கள், அதைப் பூட்டி இரண்டு மாதமாகிறது, ஓடைக்கு அந்தண்டை மகன் கட்டிய வீட்டுக்கு மாறிவிட்டோம், பாலம் தாண்டி வரச் சொல்லு என்றார். அதே கைபேசி எண் என்பதால் வீடு மாறியது எனக்கே தெரியாது. நான் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"அக்கா, பழைய வீட்டு முற்றத்துல வெயில் எப்பப் போகுது?"

"அங்கயா? அது எப்பவும் போல ரெண்டரைக்கே போயிடும். அதுக்காகத்தானே இந்தப் பக்கம் வந்தோம்."

இறங்கும் பாதை முழுவதும் பழைய வீட்டுப் பக்கம். ஓடைக்கு அந்தப் பக்கம் பூனைகள் வெயில் காயும்போது, இந்தப் பக்கம் சரிவு இறுகிக் கிடக்கும்.

அவள் உடனே முதல் ஊருக்குப் போன் போட்டாள். ஏழே முக்காலுக்குக் கிளம்ப வேண்டியவர்கள், யாருடைய இரும்பு முள்ளிலோ வார் அறுந்து, எட்டரைக்குத்தான் கிளம்பினார்களாம். கணவாய்க்கு நாலரை மணி நேர ஏற்றம். அப்படியென்றால் ஒரு மணிக்கு அங்கே இருப்பார்கள். அட்டைப்படி இன்னும் அரை மணி நேரம் மிச்சம் இருக்கும், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஒன்றரைக்கு நிம்மதியாக இறங்க ஆரம்பிப்பார்கள். பாதி வழியிலேயே வெயில் போய்விடும். மணி அப்போது பன்னிரண்டு ஐம்பத்தைந்து. அந்த வழியில் எந்தக் கைபேசியும் எடுக்காது.

பூனைக்கார அம்மாவை மறுபடி கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மா ஒரு வார்த்தை வீணாகப் பேசவில்லை. பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர், ஒரு கயிறு, வழுக்காமல் தூவ இரண்டு சாக்கு அடுப்புச் சாம்பலோடு சரிவின் அடிக்குப் போவதாகச் சொல்லி வைத்துவிட்டார். அதற்கு மேல் எங்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

அவள் நாற்காலியில் உட்காரவில்லை. இடது காலைக் கொஞ்சம் இழுத்தபடி வரைபடத்துக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். தப்பு என்னுடையதும்தான், வீடு மாறியதை நான்தான் விசாரித்திருக்க வேண்டும் என்றேன். அவள் நின்று என்னைப் பார்த்தாள்.

"இல்லப்பா. எனக்குச் சந்தேகம் வந்துச்சு. அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேணும்னு இருந்துச்சு. அதனாலதான் கேக்கல."

மூன்று மணிக்கு முதலாளி வந்தார். அவரிடம் அவள் எதையும் மழுப்பவில்லை. அட்டை தப்பு, எழுதியது நான், என் கொழுந்தனும் எட்டுப் பேரும் அந்தச் சரிவில் இருக்கிறார்கள் என்று அடுக்கிச் சொன்னாள். முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. அன்று மேசையில் சாய்ந்துகொண்டு கணக்குப் போட்டது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கோட்டைக்கூடக் கழற்றாமல் என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மூன்றே முக்காலுக்குப் பூனைக்கார அம்மா கூப்பிட்டார். சாம்பல் தூவிய வரைக்கும் ஏறிப் பார்த்தோம், கூப்பிட்டும் பார்த்தோம், சரிவில் ஒருத்தரும் இல்லை, இருட்டுவதற்குள் ஆண்கள் இன்னொரு தடவை போகிறார்கள் என்றார். நான் முதலாளியைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். அவள் அலமாரியைத் திறந்து தன் பழைய பூட்ஸை எடுத்து, உட்கார்ந்து மாட்ட ஆரம்பித்தாள். இங்கிருந்து வண்டியில் போனாலும் முதல் ஊரைத் தொட மூன்று மணி நேரம் ஆகும், அதற்கு மேல் நடக்க இந்தக் கால் ஆகாது என்று அவளுக்கும் தெரியும். தடுக்க எனக்கு மனம் வரவில்லை. வலது கால் கயிறு கட்டியாகிவிட்டது, இடது காலை எடுத்தாள். போன் அடித்தது.

ஸ்பீக்கரில் போட்டேன். முதல் ஊர் வீட்டிலிருந்து, கொழுந்தன்.

"அண்ணி, இங்கதான் இருக்கோம். எல்லாரும் நல்லா இருக்காங்க. கணவாய்க்குப் போகல. பன்னெண்டரைக்கே திரும்பிட்டேன், இப்பதான் வந்து சேந்தோம். சார்கிட்ட நீங்கதான் சொல்லணும், எட்டுப் பேரும் என்னைத் திட்டிக்கிட்டு இருக்காங்க."

"நான் ஒன்றரைன்னுதானே எழுதிக் குடுத்தேன்?"

"ஆமா. போன வருஷம் பன்னெண்டரை. அதுக்கு முந்தின வருஷமும் பன்னெண்டரை. எல்லா அட்டையும் தொப்பியிலதான் இருக்கு. பதினாலு வருஷத்துல நீங்க எனக்கு அஞ்சு நிமிஷம் சும்மா குடுத்ததில்ல, அண்ணி. திடீர்னு ஒரு மணி நேரம் குடுத்தா எப்படி நம்பறது?"

அவள் ஒரு காலில் பூட்ஸோடு அப்படியே உட்கார்ந்து அழுதாள். மறைக்கவில்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை. மறுமுனையில் கொழுந்தன் பயந்துபோய், திரும்பினது தப்பா அண்ணி என்று இரண்டு தடவை கேட்டான். தப்பில்லை என்று நான்தான் சொன்னேன். பூனைக்கார அம்மாவுக்கு, ஆண்கள் இரண்டாவது தடவை ஏறுவதற்குள், செய்தி சொன்னதும் நான்தான்.

முதலாளி எழுந்து போனுக்குப் பக்கத்தில் வந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். ஒரு பயணம் பாதியில் திரும்பியாகிவிட்டது, அவர் சொன்ன சொல் அப்படியே நிற்கிறது. அவர் அவள் மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நாளைக்கு எத்தனை மணி போடறீங்க, அக்கா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவை வாங்கினாள். இன்று அவர்கள் ஏறிய வேகத்தைக் கொழுந்தனிடம் இடம் இடமாகக் கேட்டாள். பல் டாக்டர் எத்தனை முறை உட்கார்ந்தார் என்று கேட்டாள். அறுந்த வாரைத் தைத்தாயிற்றா என்று கேட்டாள். பிறகு எழுதினாள்.

"பன்னெண்டே கால்," என்றாள் போனில்.

"என்ன அண்ணி, இருந்ததுலயும் கால் மணி நேரம் குறைச்சிட்டீங்க?" என்று கொழுந்தன் முனகினான். ஆனால் யாரிடமோ பேனா கேட்டு வாங்கி, தொப்பிக்குள் வைக்க ஒரு துண்டுக் காகிதத்தில் அதை எழுதிக்கொண்டான்.