கவர் போட்ட முழங்கால்

முழங்கால் மாற்று அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டாக்டர் சொன்னார்: "பல்லுக்கு எதுவும் செஞ்சா முன்னாடியே கவர் போட்டுக்கோங்கம்மா. கிருமி ரத்தத்துல போய் புது முட்டுல உக்காந்துட்டா கஷ்டம்." வலி மாத்திரை மயக்கத்தில் அவர் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. தலையாட்டினேன்.

பிறகு கடைவாய்ப்பல் ஒன்று தன் வேலையைக் காட்டியது. அறுவைக்கு முன் வருடக்கணக்கில் நாற்காலியே கதியாகக் கிடந்தவள் நான். கூப்பிடு தூரத்தில் கடல். கப்பல் ஊதுவதைக் கேட்டுத்தான் அது இன்னும் இருக்கிறது என்று நம்புவேன். பல்லில் கை வைக்கப்போய் இந்தக் கால் கெட்டால் மறுபடி அந்த நாற்காலிதான். உப்புத்தண்ணீர் கொப்பளித்தே மாதங்களைத் தள்ளினேன்.

ஈறு வீங்கியதும் என் வீட்டுக்காரர் பொறுக்கவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மருந்துக்கடையில் முழங்காலுக்கு மாட்டும் நீல உறை ஒன்று வாங்கி வந்தார். "ஏளா, கவர் வந்தாச்சு. கெளம்பு." கிருமி புகாமல் இருக்க முழங்காலை மூடுவது எங்கள் இருவருக்கும் ரொம்ப நியாயமாகப் பட்டது.

பல் டாக்டர் சின்னப் பெண். சேலையை லேசாக உயர்த்தி உறையைக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

"கவர்னா முன்கூட்டியே போடுத ஆன்டிபயாடிக் மாத்திரைம்மா."

சர்க்கரை உண்டா, அந்த முட்டில் எப்போதாவது சீழ் பிடித்ததா என்று கேட்டாள். பெரிய டாக்டரிடம் போனில் பேசினாள். "உங்களுக்கு அந்த மாத்திரையும் வேண்டாம். இப்பம் முக்காவாசிப் பேருக்குக் குடுக்கதில்ல. கெட்ட பல்ல இத்தன நாளு வாயில வச்சிருந்தீங்களே, அதுதாம்மா முட்டுக்கு ஆகாது."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காலைக் காப்பாற்றுவதாக நினைத்துக் காலுக்கே வினை தேடியிருக்கிறேன்.

ஊசியில் வாய் மரத்தது. ஜன்னலில் வெயில் வெள்ளையாக நின்றது. எங்கோ ஒரு லாரி, எங்கோ ஒரு காகம். யாருடைய வாயிலிருந்தோ யாரோ பல்லைப் பிடுங்கினார்கள்.

வெளியே வந்து கடற்கரைச் சாலையில் நடந்தோம். பஞ்சைக் கடித்திருந்ததால் பேச முடியாது. காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. கால்கள் அவைபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அதில் சம்பந்தமே இல்லை என்பது போல. சந்தோஷமாக இருந்தது.

பின்னாலிருந்து மூச்சு வாங்கும் குரல் கேட்டது: "ஏளா, கொஞ்சம் நில்லு. என்னால ஓட முடியல."

நான் நிற்கவில்லை.